கூப்பிட்ட குரல்

அக்டோபர் 10, திங்கள்

நான் சொல்கிறேன், என் மகள் முத்துச்செல்வி எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. பட்டாளத்தில் சேர்ந்தபோது நெஞ்சளவும் உயரமும்தான் பார்த்தார்கள். அங்கே கற்றுக்கொடுத்த நாலு இந்தி எழுத்தும் காலோடு சேர்ந்து போய்விட்டது.

டைரக்டர் அமலன் இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார். படத்தின் கதை வசனத்தைப் புத்தகமாகப் போடப்போகிறாராம். கடைசியில் நடித்தவருடைய நாட்குறிப்பு பத்துப் பக்கம் வேண்டுமாம். "தோணுறதை எல்லாம் சொல்லுங்கய்யா, வேண்டாததை நான் வெட்டிக்கிறேன்" என்றார்.

பெயர் கொம்பையா. வயது எழுபத்து மூன்று. ஊர் கயத்தாறு. எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. பட்டாளத்து கேன்டீன் வரிசையில் சோப்பு வாங்க நின்றவனை அமலன் பிடித்துக்கொண்டு போனார். படத்திலும் அதே ஆள்தான். கால் போன பட்டாளத்துக் கிழவன், மகன் வீட்டு மூலையில் கிடக்கிறவன். வசனத்தை ஒரு தரம் படித்துக் காட்டினால் போதும், எனக்கு நின்றுவிடும். மகனாக நடித்த பையன் மறந்தால் அவன் வசனத்தையும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

போன வாரம் ஒரு பட விழாவில் சிறந்த நடிகர் என்று எனக்கு விருது கொடுத்தார்கள். பித்தளைச் சிலை. செல்வி அதை டிவி பக்கத்தில் வைத்தாள். பீரோவுக்குள் வை என்றேன்.

"நாலு பேர் பார்க்கட்டுமேப்பா."

"இந்த வீட்டுல பித்தளை வேண்டாம்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும். ஏன்னுதான் தெரியாது. என் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கையே எவர்சில்வர்ல வாங்கிக் கொடுத்த மனுஷன் நீங்க."

இதை எல்லாம் எழுதாதே என்றால் எழுதுகிறாள்.

அக்டோபர் 13

கட்டைக்காலின் வார் அறுந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புத் தைக்கிற அந்தோணியிடம் கொண்டுபோனேன். தைத்துவிட்டு, "நடிகர் கால்டே" என்று பக்கத்துக் கடைக்காரர்களுக்கு எல்லாம் தூக்கிக் காட்டினான். கால் திரும்பி வருகிறவரைக்கும் பூக்கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 14

சொல்ல ஒன்றும் இல்லை. முருங்கைக் கிளை ஒடிந்து விழுந்தது.

அக்டோபர் 18

சென்னையிலிருந்து பத்திரிகைக்காரப் பெண் ஒன்று வந்தது. செல்வி வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். அந்தப் பெண்ணும் எல்லாரும் கேட்பதையே கேட்டது. குளியலறைக் கட்டம்.

அதைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் கிழவன் கட்டைக்காலைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கும்போது வழுக்கி விழுகிறான். மகன் சேகர் வாசலில் வந்து நிற்கிறான். மருமகள் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள். தினம் இதே கூத்து, தானா எந்திரிப்பாரு, நீங்க போகாதீங்க என்கிறாள். கிழவன் தரையில் கிடந்தபடி "சேகரு, வந்து தூக்குய்யா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வசனம். நான் சொன்னது, "துரையண்ணே, வராதீக. வராதீகண்ணே."

அமலன் கட் சொல்லவில்லை. அதற்கப்புறம் எழுதியிருந்தபடியே இரண்டு தரம் சொல்லி எடுத்தோம். படத்தில் வைத்தது முதல் தரத்தை.

"நாற்பது நாள் ஷூட்டிங்ல நீங்க ஒரு வார்த்தை பிசகலைன்னு டைரக்டர் சொல்றார். அங்க மட்டும் எப்படி மாறுச்சு? இந்த வயசுல அண்ணேன்னு யாரைக் கூப்பிட்டீங்க ஐயா?"

"வாய்க்கு வந்தது."

"துரையண்ணன்னு யாராவது இருந்தாங்களா?"

"எங்க தெருவுல ஒருத்தர் இருந்தார். சைக்கிள் கடை வச்சிருந்தார்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டது. எங்கள் தெருவில் சைக்கிள் கடை இருந்ததே கிடையாது. செல்வி பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 21

அமலன் போன் செய்தார். நவம்பர் நாலாம் தேதி ஊர் ஊராகப் படம் வருகிறதாம். கோவில்பட்டியிலும் வருகிறது.

கோவில்பட்டியில் வேண்டாமே என்றேன். சிரித்தார். அப்படியானால் அந்த இடத்தில் மட்டும் சத்தத்தை மாற்ற முடியுமா, பஸ் ஏறி நானே சென்னைக்கு வருகிறேன், ஒரு நிமிஷ வேலை என்றேன்.

"ஐயா, அந்த ஒரு வரிக்குத்தான்யா விருதே. மகன் கிட்ட கெஞ்சக் கூடாதுன்னு அந்தக் கிழவன் நினைக்கிறான், வலியில எப்பவோ செத்த அண்ணன் ஞாபகம் வருது, அவனையும் வர வேண்டாங்கிறான். நான் உட்கார்ந்து ஒரு வருஷம் எழுதினாலும் வராது. ஏன் மாத்தணும்?"

"காரணம் ஒண்ணுமில்லை."

காரணம் பேராச்சி மதினி.

கோவில்பட்டி போகிற வழியில் ஓலைக்குளம் விலக்கு. அங்கே இறங்கி உள்ளே நடந்தால் மதினி வீடு. வெள்ளத்துரை அண்ணனின் வீட்டுக்காரி. அண்ணனும் நானும் ஒரே கம்பெனி, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் கால் இழந்த அன்றைக்கே அவர் போனார். மதினிக்கு அப்போது இருபது வயது, பிள்ளை கிடையாது. இன்னொரு கல்யாணம் பேசினார்கள், முடியாது என்றுவிட்டார். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியே காலத்தைக் கழித்தார்.

பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று வருஷம் ஒரு தரம், நவம்பரில், நேரில் போய்க் காட்ட வேண்டும். நானும் மதினியும் சேர்ந்துதான் போவோம். நான் கயத்தாறில் ஏறி இடம் போட்டு வைப்பேன், மதினி விலக்கில் ஏறுவார். வேலை முடிந்ததும் ஓட்டலில் இரண்டு இட்லி, ஒரு வடை, டீ. டீ வந்ததும் மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஒருதரம் சொல்லுங்க தம்பி" என்பார். நான் சொல்வேன்.

காலை பத்து மணி. டீ வந்தது. அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி போட மறந்துட்டான்லே" என்று சிரித்தார். அப்போது குண்டு விழுந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியாது. சிரிச்ச முகம் அப்படியே இருந்தது. அதே குண்டில்தான் என் கால் போச்சு.

ஐம்பது தரம் சொல்லியாயிற்று. ஒரு வார்த்தை விட்டால் மதினி எடுத்துக் கொடுப்பார். முதல் தரம் கேட்ட நாளிலிருந்து மதினி டீயில் சீனி போட்டுக்கொள்வதில்லை. கருப்பட்டியும் கிடையாது. கல்யாண வீட்டில் கொடுத்தாலும் தொட மாட்டார்.

அக்டோபர் 24, தீபாவளி

மதினி யாரோ பஸ் கண்டக்டரிடம் முறுக்கு கொடுத்துவிட்டிருக்கிறார். "நம்ம ஊருக்கு எப்ப வருது படம்" என்று கேட்டு விட்டிருந்தார். தெரியாது என்று சொல்லியனுப்பினேன்.

நவம்பர் 4, வெள்ளி

தெருவில் பாதிப் பேர் வேன் பிடித்துப் போனார்கள். என்னை முன் சீட்டில் ஏற்றப் பார்த்தார்கள். வயிறு சரியில்லை என்றேன். நான் இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, விழாவில்கூட வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

செல்வி படம் பார்த்துவிட்டு வந்தாள். துணி மடித்தாள். அப்புறம் கேட்டாள்.

"துரையண்ணன்னா ஓலைக்குளத்துப் பெரியப்பாவா?"

"சைக்கிள் கடைக்காரர்."

"சரிப்பா."

நவம்பர் 9

மதினி போன் செய்தார். சத்தம் தெளிவாக இருந்தது. "வர்ற செவ்வாய்க்கிழமை போவமா தம்பி? எட்டரை பஸ்."

"போவோம் மதினி."

"படம் பார்த்துட்டேன்" என்றார். அப்புறம் வைத்துவிட்டார்.

நவம்பர் 11

கால் வெட்டின இடத்தில் குத்தல். இல்லாத பெருவிரல் அரிக்கிறது. மழை வரும்போது அப்படி இருக்கும். மழை இல்லை.

நவம்பர் 15, செவ்வாய்

விலக்கில் மதினி ஏறியபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஐம்பது வருஷமாக வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவே ஏதோ ஒன்று உடுத்தினவர், இன்று கத்தரிப்பூக் கலரில் சேலை. காதில் சின்னதாகத் தோடு.

"என்ன பார்க்குதீக? அக்கா மக எடுத்துக் கொடுத்தா. உடுத்திட்டேன்."

பேங்கில் மதினியின் ரேகை மெஷினில் விழவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் தேய்த்துவிட்ட விரல்கள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். "நான் செத்துட்டேங்குது தம்பி இது" என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். அப்புறம் கண்ணைக் காட்டச் சொல்லி எடுத்துக்கொண்டார்கள்.

ஓட்டலில் இட்லி வந்தது, வடை வந்தது, டீ வந்தது.

"இன்னைக்கு நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்லுதேன், சரியான்னு பாருங்க" என்றார் மதினி.

சொன்னார். "உங்களுக்குக் கால் போய்ட்டு. கிடக்கீக. அவுக தூக்க வாராக. நீங்க வராதீக வராதீகன்னு கத்துதீக. அதைக் கேக்காம வந்துட்டாக. அதுல போயிட்டாக. எனக்கு மனசு தாங்காதுன்னு நீங்க அந்த டீக் கதையைச் சொல்லியிருக்கீக."

நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களைக் குத்தம் சொல்லலை தம்பி. ஆனா ஒண்ணு. நான் அந்த ஊர்ல வாழ்ந்தவ. சண்டையில செத்தவன் பொண்டாட்டின்னு யாரு சொன்னா? டீ குடிச்சிட்டுச் செத்தவன் பொண்டாட்டின்னுதான் சொன்னாளுக. குழாயடியில, ஆபீஸ்ல, முகத்துக்கு நேரே. இப்ப ஊரே படம் பார்த்துட்டு வந்து என் வீட்டு முன்னால நிக்கு. வெள்ளத்துரைன்னா இந்த வெள்ளத்துரைதானான்னு."

பையில் இருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். அண்ணன் பட்டாளத்துத் தொப்பியோடு. விலக்கில் போர்டு வைக்கப்போகிறார்களாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் திறப்பு. நான்தான் திறக்க வேண்டும், மைக்கில் நடந்ததைச் சொல்லவும் வேண்டும்.

"வருவீகள்ல?"

"வாரேன் மதினி."

"அப்ப அந்த டீ? அது நெசமா குடிச்சாகளா, இல்லை அதுவும் நீங்க சொன்னதா?"

"காலையில குடிச்சார். முன்னாலயே."

"சீனி?"

"போடலை."

மதினி தலையை ஆட்டிவிட்டு அவர் டீயைக் குடித்தார். சீனி போடாத டீ.

நவம்பர் 16

செல்வி எழுதட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நவம்பர் 17

வேண்டாம்.

நவம்பர் 18, வெள்ளி

செல்வி, உட்கார். கதவைச் சாத்திவிட்டு உட்கார். நான் நிறுத்தச் சொல்லும்வரைக்கும் நிமிர்ந்து பார்க்காமல் எழுது.

எழுபத்தொன்று டிசம்பர். வயல். மைன் என்கிற கண்ணிவெடி புதைத்த வயல். நம் ஆட்கள் ஒரு பாதையைச் சுத்தம் செய்து இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள். நாடாவுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. வரிசையாக உட்கார்ந்திருந்தோம். டீ எல்லாம் வரவில்லை, முந்தின நாளிலிருந்தே வரவில்லை. வயலுக்குள் ஆள் இல்லாத ஒரு வீடு. அதன் முன்னால் ஒரு பித்தளைச் செம்பு விழுந்து கிடந்தது. கழுத்தில் பூவேலை. வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது கல்யாணம் பேசியிருந்தார்கள். உன் அம்மாவைத்தான். இப்படி ஒரு செம்பு கையில் கொண்டுபோனால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஹவில்தார் அந்தப் பக்கம் திரும்பினபோது நாடாவைத் தாண்டினேன். பன்னிரண்டு எட்டு எண்ணி வைத்தேன். பதின்மூன்றாவதில் வெடித்தது.

கிடந்தேன். திரும்பிப் பார்த்தால் துரையண்ணன் நாடா ஓரத்தில் நிற்கிறார். ஹவில்தார் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்திருக்கிறார். மைன் எடுக்கிறவர்கள் வருகிறார்கள், அரை மணி நேரம், யாரும் உள்ளே போகக் கூடாது என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. கேட்டும் கூப்பிட்டேன். அண்ணே என்றேன். அவர் நகரவில்லை. துரையண்ணே என்றேன். நகரவில்லை. மூன்றாம் தரம், துரையண்ணே, விட்டுட்டுப் போயிராதீக, வாங்கண்ணே என்றேன். ஹவில்தார் கையைத் தட்டிவிட்டு வந்தார்.

நான் வைத்த தடத்திலேயே கால் வைத்து வந்தார். பன்னிரண்டும். என்னைத் தூக்கக் குனிந்தபோது ஒரு கால் பக்கத்தில் வைக்க வேண்டி வந்தது.

உடனே போகவில்லை. மைன் எடுக்கிறவர்கள் வருகிற வரைக்கும் உயிர் இருந்தது. என் பக்கத்தில்தான் படுத்திருந்தார். "எதுக்குலே இங்க வந்தே?" என்று கேட்டார். ஒண்ணுக்குப் போக வந்தேன் என்றேன். செம்பு கையெட்டுகிற தூரத்தில் கிடந்தது.

படத்தில் மருமகளாக நடித்த பெண் மகன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதனால்தான் அப்படி வந்துவிட்டது. நான் நடிக்கவில்லை. அன்றைக்குச் சொல்லாததைச் சொன்னேன்.

செல்வி பேனாவை வைத்துவிட்டாள். இந்த வரியை அப்புறமாக எழுதினாள்.

நவம்பர் 19, சனி

செல்வி வேலை பார்க்கிற சத்துணவு மையத்துக்கு இன்று விடுமுறை, அதனால் தானும் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று தனியாகப் போனேன்.

விலக்கில் போர்டு வந்துவிட்டது, சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். கம்பு நட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் செல்போனை எடுத்தார்கள். நாலு பேரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன். அது நடிப்பு.

மதினி வாசலில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அதே கத்தரிப்பூச் சேலை. நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும்.

"மதினி, நான் வராதீகன்னு சொல்லலை. வாங்கன்னு கூப்பிட்டேன்."

முறம் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். நாடாவைச் சொன்னேன், ஹவில்தார் சட்டையைப் பிடித்ததைச் சொன்னேன், செம்பையும் சொன்னேன். முடித்தபிறகு மதினி கேட்டார்.

"எத்தனை தரம் கூப்பிட்டீக?"

"மூணு."

"மூணாவதுக்கு எந்திரிச்சாகளா?"

"ஆமா."

"வீட்டுலயும் அப்படித்தான்" என்றார். "மூணு தரம் கூப்பிட்டாத்தான் எந்திரிப்பாக. ரெண்டு தரம் கூப்பிட்டு விட்டுட்டா அப்படியே படுத்திருப்பாக."

அப்புறம் உளுந்தைக் கையால் பரப்பினார். அதில் கல் ஒன்றும் இல்லை.

"உடனே போயிட்டாகன்னு சொன்னீகளே?"

"இல்லை. அரை மணி நேரம்."

"என் பேரைச் சொன்னாகளா?"

ஒரு பேச்சுக்கு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது வருஷம் சொன்ன வாய்தான்.

"சொல்லலை மதினி. தண்ணி கேட்டாக. வேற பேசலை."

"டீ?"

"டீயே வரலை."

மதினி எழுந்தார். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை, ஆனால் திரும்பி வரவும் இல்லை. நான் ரொம்ப நேரம் நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து, "நடிகரு, நிக்கீகளே, உக்காருங்க" என்றது. நடந்து விலக்குக்கு வந்து பஸ் ஏறினேன்.

நாளைக்குப் போகவா வேண்டாமா என்று செல்வியைக் கேட்டேன். செல்வி சொன்னது: "சொல்லாம இருக்கத்தானே அம்பது வருஷமும் போனீங்க. சொன்னப்புறம் ஒரு தரம் போங்க."

நவம்பர் 20, ஞாயிறு

போனோம். செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள்.

விலக்கில் பந்தல், சேர், மைக் செட். தேங்காய் உடைத்தார்கள். மதினி முன் வரிசையில் இருந்தார். கத்தரிப்பூச் சேலை இல்லை, பழைய சாம்பல் கலர். தோடு மட்டும் காதில் இருந்தது. என்னைப் பார்த்தார், வாங்க என்று சொல்லவில்லை.

கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். இழுத்தேன். சாக்கு விழுந்தது. அண்ணன் முகம் என் உயரத்துக்கு இருந்தது. இருபத்தாறு வயது. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் நீளமாக வெள்ளைத் தாள் ஒட்டி, அதன் மேல் மையால் கையால் எழுதியிருந்தார்கள். வெள்ளையாக, கோணலாக, ஒரு நாடா மாதிரி.

"என்ன எழுதியிருக்கு?" என்று செல்வியிடம் கேட்டேன்.

அவள் காதோடு படித்தாள். "போர்க்களத்தில்... கூப்பிட்ட குரலுக்குச் சென்று, நண்பனுக்காக உயிர் கொடுத்த வெள்ளத்துரை."

"அடியில?"

"வெயில்ல தெரியுதுப்பா. 'வராதே என்று தடுத்தும்'னு அச்சடிச்சிருந்திருக்காங்க."

போர்டு வைத்தவர்களில் ஒருவர் பக்கத்தில் வந்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். "ஆச்சிதான் நேத்து சாயங்காலம் வந்து மாத்தச் சொல்லுச்சு. மாத்தலைன்னா போர்டே வேண்டாம்னுட்டு. புதுசா அடிக்க நேரமில்லை. தாளை ஒட்டிட்டோம் ஐயா."

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். படத்தில் பேசின மாதிரி பேசுங்க என்று யாரோ கத்தினார்கள். ஒரு தரம் கேட்டால் மறக்காதவனுக்கு ஒரு வார்த்தை இல்லை.

"கூப்பிட்டது நான்தான்" என்றேன். "வராதீகன்னு சொல்லலை. படத்துல சொன்னது பொய். உத்தரவை மீறி உள்ளே போனது நான். கூப்பிட்டேன், வந்தாக."

அப்புறம் கை தட்டினார்கள். அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ. மதினி தட்டவில்லை.

டீ வந்தது. மதினி பக்கத்தில் சேர் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோவில்பட்டி பஸ் ஒன்று நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது.

"படத்துல சொன்னீகளே, அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம் தம்பி" என்றார். சத்தம் உயரவில்லை, அழவும் இல்லை.

"ஆமா மதினி."

டீ கொடுக்கிறவர் வந்தார். அந்த ஊர்க்காரர். மதினிக்கு என்று தனியாக ஒரு கிளாஸ் எடுத்து வைத்திருந்தார். "ஆச்சிக்குச் சீனி இல்லாதது" என்று நீட்டினார்.

மதினி அதை வாங்கவில்லை.

"எல்லாருக்கும் போட்டதைக் கொடு" என்றார்.

அவருக்குப் புரியவில்லை. "சீனி இருக்கும் ஆச்சி" என்றார்.

"தெரியும். கொடு."

வாங்கி, ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் அப்படித்தான் இருக்கும் போல. கீழே வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அடிவரைக்கும் குடித்தார்.